அஞ்சு சென்டிமீட்டர் தண்ணி

வீரவநல்லூர் விலக்கில் என் பஞ்சர் கடை.
டியூபைத் தொட்டித் தண்ணியில் அமுக்கிச் சுற்றிக்கொண்டே வந்து
குமிழி எழும் இடத்தில் கட்டைவிரலை வைப்பேன்.
குமிழி என்றால் ஓட்டை.
இருபது வருசமாக இதுதான் என் படிப்பு.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
மகன் கிடக்கும் வார்மருக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில்.
பாதிக்குத் தண்ணி, உள்ளே ஒரு குழாய்.
அவன் மூக்குக்குப் போய்த் திரும்பும் காற்று
அதில் குமிழி விட்டபடி இருக்கிறது.
“இது நிக்கக் கூடாது, கேட்டியளா.
நின்னா உடனே என்னயக் கூப்பிடுங்க”
என்றார் ஜெபக்கனி சிஸ்டர்.

முப்பதாவது வாரத்திலேயே வந்துவிட்டவன்.
ஆயிரத்து நூற்றைம்பது கிராம்;
என் லாரி ஸ்பானர் இதைவிடக் கனம்.
ஏழு வாரம் இதே ஆஸ்பத்திரியில்
கிராம் கிராமாய்ச் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோனோம்.
பேர் வைக்கவில்லை. கால் பட்டையில் இன்னும்
‘பிரம்மசக்தி ஆண் குழந்தை.’

வீட்டில் பத்தே நாள்.
கோமு ஒண்ணாப்பு. கார்த்திகை மழையில்
வகுப்பு முழுக்க மூக்கொழுகல்.
புறங்கையால் துடைத்துக்கொண்டு வந்து
தம்பியின் கன்னத்தில் முத்தம் வைத்தாள்.
அவளுக்கு மூன்று நாள் தும்மல், அவ்வளவுதான்.
அவன் முதலில் பாலை விட்டான்.
மறுநாள் ராத்திரி விலாவுக்கு நடுவே
தோல் உள்ளே போய்ப் போய் வந்தது.
பிறகு மூச்சையே இடையில் மறந்தான்.
சேரன்மகாதேவி தாண்டியும் ஆம்புலன்சில்
பிரம்மசக்தி அவன் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே வந்தாள்.
சுண்டினால் ஞாபகம் வந்து
ஒரு மூச்சு இழுப்பான்.

வைரஸ் நிமோனியா என்றார் டாக்டர்.
“அதக் கொல்ல மருந்து கெடையாது.
அது அடங்குற வரைக்கும்
இவன் களைச்சுப் போகாமப் பாத்துக்கிடணும்.”
அவ்வளவுதானா என்றேன்.
அவர் பதில் சொல்லாமல் அவன் நெஞ்சையே பார்த்தார்.

லாரிக்கு நூறு, பைக்குக்கு முப்பது,
இவனுக்கு எவ்வளவு சிஸ்டர், காத்து?
“அஞ்சு சென்டிமீட்டர் தண்ணி.”
என் சுட்டுவிரலில் இரண்டு கணு.
நகக்கண்ணில் கிரீஸ் இருக்கிறதென்று
மூன்று தடவை கழுவச் சொன்ன அதே விரல்.

ஆறாம் ராத்திரி பிரம்மசக்திக்கும் காய்ச்சல்.
வராந்தாவில் சுருண்டு கிடந்தாள்.
அதனால் என்னை உட்கார விட்டார்கள்.
இரண்டரை மணி இருக்கும், சத்தம் மாறியது.
நிற்கவில்லை. இளைத்தது.
மானிட்டர் தொண்ணூற்று மூன்றிலேயே நின்றது.
என் காதுக்குத்தான் தெரியும்.
“சிஸ்டர், எங்கயோ லீக் அடிக்கி.”
மூக்கைப் பார்த்தார், சளியை உறிஞ்சி எடுத்தார்,
பாட்டில் மூடியைத் திருகினார்.
துணிக்கு அடியில் ஒரு ஜாயிண்ட்
மயிரிழை கழன்றிருந்தது.
அழுத்தினார்.
பழையபடி குடுகுடுவென்று தண்ணி கொதிக்கத் தொடங்கியதும்
“என்ன வேல பாக்கிய?” என்றார்.
சொன்னேன். மாஸ்க்குக்குள் சிரித்தது
கண்ணில் தெரிந்தது.

காலையில் போனில் கோமு.
“எங்கிட்ட இருந்துதான் தம்பிக்கு ஒட்டிச்சாம்லா?
எதிர் வீட்டு அக்கா சொன்னாவ.”

டியூபில் ஆணி குத்திய இடத்தைக் காட்டுவேன்.
எந்த ரோட்டில் குத்தியது என்று
இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.
“ரோட்டுல ஆயிரம் ஆணி கெடக்கும் தாயி.”
அவளுக்கு விளங்கவில்லை. கொஞ்ச நேரம் பேச்சில்லை.
சளி இன்னும் முழுசாகப் போகவில்லை,
உறிஞ்சுவது கேட்டது.
“அப்பா, நம்ம கடையிலதான் எம்புட்டுக் காத்து இருக்கு.
கொண்டுட்டுப் போய் அவனுக்குக் குடு.”

சரி என்றேன்.
உள்ளே கூப்பிட்டார்கள்.
கை கழுவப் போனேன்.